மேடு பள்ளமில்லாத வட்டி

ராஜாங்கத்தின் பழைய டெம்போ கிளம்பினால் முதலியார்பேட்டையில் அந்தச் சந்து முழுவதற்கும் தெரிந்துவிடும். சத்தத்தால் அல்ல, புகையால். கொடியில் துணி காயப்போட்ட பெண்கள் ஓடிவந்து அள்ளிக்கொண்டு போவார்கள். ஒருமுறை எதிர்வீட்டுக்காரி தன் புருஷனின் வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்து அவன் முன்னால் விரித்துக் காட்டினாள். "இதுக்கு இன்னா சாயம் போட்டிருக்க நீ? மில்லுல இருந்த பழக்கம் இன்னும் போவலியா?" என்று கேட்டாள். சந்தே சிரித்தது. ராஜாங்கமும் சேர்ந்து சிரித்தான். மில்லில் சாயப் பிரிவில்தான் அவன் பாதி ஆயுசைக் கழித்திருந்தான். ஆட்குறைப்பில் வெளியே அனுப்பியபோது கையில் கொடுத்த பணத்துக்கு அந்தக் கிழட்டு டெம்போதான் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து தவளக்குப்பம் வரை ஆளேற்றி இறக்குவது அவன் பிழைப்பாகிவிட்டது.

அந்தச் சிரிப்பில் சேராதவை சந்திரகலாவின் நுரையீரல்கள் மட்டும்தான்.

அவன் மனைவி சந்திரகலாவுக்குத் தவளக்குப்பம் முனையில் ஒரு தள்ளுவண்டிக் கடை இருந்தது. காலையில் இட்லி, சாயங்காலம் பஜ்ஜி. டெம்போக்கள் எல்லாம் வந்து திரும்பும் இடம் அது. எந்த டெம்போக்காரனும் அங்கே இன்ஜினை நிறுத்த மாட்டான். நிறுத்தினால் மறுபடி கிளப்ப நாலு பேர் தள்ள வேண்டும். ஆகவே வரிசையாக நின்று உறுமிக்கொண்டிருக்கும் டெம்போக்களின் பின்புறத்துக்கு நேராக உட்கார்ந்து அவள் மாவு ஊற்றுவாள், சட்னி கரைப்பாள், சில்லறை கொடுப்பாள், கடன் சொல்பவனைக் கேலி செய்வாள். பேச்சில் அவளை ஜெயித்தவர்கள் அந்த முனையில் யாருமில்லை. ஆனால் இரண்டு வருடமாகப் பேச்சின் நடுவே ஒரு விசில் சத்தம் வர ஆரம்பித்திருந்தது. முதலில் அதையும் கேலியாக்கினாள். "எனக்கு உள்ளாற ஒரு கண்டக்டர் உக்காந்திருக்கான்" என்பாள்.

கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள்.

"வீட்ல யாராவது பீடி சிகரெட் பிடிக்கிறாங்களா?"

"இல்லைங்க டாக்டர்" என்றான் ராஜாங்கம்.

"விறகு அடுப்பா?"

"கேஸுதாங்க. கடையிலயும் கேஸுதான்."

"அப்ப இவ்வளவு புகை எங்கேருந்து போகுது இவங்களுக்குள்ள?"

"நான் டெம்போ ஓட்றேங்க" என்றான் ராஜாங்கம்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தான், திட்டவில்லை. உறிஞ்சும் மருந்து எழுதிக் கொடுத்தாள். புகைக்குப் பக்கத்தில் இருக்கும்வரை மருந்து பாதி வேலைதான் செய்யும் என்றாள். முடிந்தால் கடையை விட்டுவிடச் சொன்னாள்.

திரும்பும்போது பழைய டெம்போவின் முன்சீட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள் சந்திரகலா. அவள்தான் சொன்னாள். "புது வண்டி எடுத்துடலாம் மாமா. இது ஒரு லிட்டருக்கு ஓடறதுக்கு அது ரெண்டு மடங்கு ஓடுமாம். பொகையும் வராதாம். மிச்சமாவறதுல தவணை கட்டிடலாம். கொஞ்சம் கடன் அடைஞ்சதும் நான் கடைய உட்டுட்டு வூட்ல உக்காந்துடறேன்."

சுனாமி வந்த அடுத்த வருடம் அது. டெம்போக்காரர்கள் சிலர் புது வண்டிக்கு மாறத் தொடங்கியிருந்தார்கள். கணக்கில் சந்திரகலா கெட்டிக்காரி. சந்துப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் சீட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு பைசா தவறியதில்லை. பணவிஷயத்தில் அவள் சொன்னால் ராஜாங்கம் மறுபேச்சுப் பேசமாட்டான். மறுபேச்சுக்குத் தேவையும் இருந்ததில்லை.

முதலில் பேங்குக்குப் போனார்கள். அங்கிருந்த இளவயது அதிகாரி நல்ல பையன். நாற்காலி போட்டு உட்காரவைத்தான். வட்டி பதினாலு சதவீதம், டிமினிஷிங் என்றான்.

"அப்டீன்னா?" என்றாள் சந்திரகலா.

"கட்டக் கட்ட அசல் குறையும். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும்மா. ஆனா பேங்க் ரேட் ஏறிச்சின்னா உங்களுக்கும் கொஞ்சம் ஏறும்." ஜாமீனுக்கு ஒரு அரசு ஊழியர் கையெழுத்து வேண்டும் என்றும் சொன்னான்.

வெளியே வந்ததும் சந்திரகலா சிரித்தாள். "அசல் கட்டினா வட்டி குறையுமாம். அது எங்கதான் குறையாது? அடகுக்கடைல பாதி கட்டினா வட்டி பாதியாயிடுது. இதப்போயி பெரிய அதிசயமா சொல்றான். ஏறும்னு சொன்னான் பாரு, அதான் விஷயம்."

அடுத்து சக்கரபாணியிடம் போனார்கள். காந்தி வீதியில் ஒரு பழைய வீட்டின் முன்னறையில் வண்டிகளுக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தார் அவர். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து சைகோன் வரை போய் வந்தவர். பென்ஷன் பணம் பிராங்கில் வந்து கொட்டிய காலத்தில் சேர்ந்ததுதான் இவருடைய முதல். சக்கரபாணி கெட்டவரில்லை. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது ஆறிப்போயிருக்கலாம். வந்தவர்களுக்குக் காபி வரவழைத்தார்.

"பன்னெண்டு பர்சென்ட். பிளாட்டு" என்றார்.

"பிளாட்டுங்களா? மனை போட்டு விக்கிறாங்களே, அந்த பிளாட்டா?" என்று சந்திரகலா கேட்க, அவர் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"இல்லம்மா. பிளாட்டுன்னா மட்டமா இருக்கறது. எங்கப்பா பிரெஞ்சுல 'பிளா'ம்பாரு. மேடு பள்ளம் கிடையாது. இன்னிக்குப் பன்னெண்டுன்னா கடைசி மாசம் வரைக்கும் பன்னெண்டுதான். பேங்க்காரன் மாதிரி நாளைக்கு ஏத்தமாட்டேன். ஜாமீனுக்கு ஒங்க ஸ்டாண்டு டெம்போக்காரன் ஒருத்தன் கையெழுத்து போட்டா போதும்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. சொல்லாமல் விட்டதை அவர் மறைத்ததாகவும் சொல்ல முடியாது. பிளாட் என்றால் எல்லோருக்கும் தெரியும் என்று அவர் நினைத்தார். வட்டி என்றால் தனக்குத் தெரியும் என்று சந்திரகலா நினைத்தாள்.

"பன்னெண்டு பெருசா, பதினாலு பெருசா மாமா? இதுக்கு காலேஜா போவணும்?" என்றாள் தெருவில் இறங்கியதும். ராஜாங்கத்துக்கும் பன்னிரண்டைவிடப் பதினாலு பெரியதாகத்தான் தெரிந்தது. ஒன்றரை லட்சம், நாலு வருடம். ஸ்டாண்டில் அவனோடு ஓட்டும் கோவிந்தராசு ஜாமீன் போட்டான். பழைய டெம்போவையும் சந்திரகலாவின் கம்மலையும் விற்ற காசு முன்பணமாகப் போயிற்று.

புது வண்டி வந்த அன்று சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிய பிறகு சந்திரகலா ஒரு காரியம் செய்தாள். இன்ஜினை ஓடவிடச் சொல்லிவிட்டு, ஒரு வெள்ளைத் துண்டைச் சைலன்சருக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அதைக் கொண்டுபோய் எதிர்வீட்டுக்காரியிடம் விரித்துக் காட்டினாள். அன்று சந்தில் எல்லோருக்கும் பாயசம்.

அந்த ஒரு வருடத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இல்லை. சந்தோஷமாக இருந்தார்கள். மற்ற டெம்போக்களின் புகை முனையில் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் விடியற்காலையில் வீட்டு வாசலில் வண்டியைச் சூடுபண்ணும்போது வீட்டுக்குள் புகை வராதது அவளுக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. மருந்து உறிஞ்சுவது குறைந்தது. தவளக்குப்பத்தில் ஏற வருகிறவர்களைக் கடையிலிருந்தே கூப்பிட்டு, "அந்த வண்டில ஏறுங்க, அது எங்க வண்டி, பொகையே உடாது" என்பாள். டெம்போக்காரர்கள் அவனுக்கு 'சுத்தக்காரன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த வருடத்து ஐப்பசி, கார்த்திகை மழை பேய்மழை. ரோட்டில் வண்டி ஓடவில்லை, முனையில் கடை நிற்கவில்லை. இரண்டு தவணை தள்ளிப்போனது. தள்ளிப்போனதற்குத் தனியாக அபராதம் விழுந்தது. எப்படியோ சமாளித்தார்கள். மறு ஆவணியில் சந்திரகலா தன் சீட்டை எடுத்தாள். நாற்பதாயிரம். அந்தப் பணத்தை மடியில் வைத்துக்கொண்டு அவனிடம் தன் கணக்கைச் சொன்னாள். இதை அசலில் கட்டிவிட்டால் வட்டி குறையும். வட்டி குறைந்தால் மாதம் ஆயிரத்துக்குமேல் தவணை குறையும். அப்படிக் குறைந்தால் கடை வருமானம் இல்லாமலே அவனுடைய ஓட்டத்தில் குடும்பத்தை நடத்திவிடலாம்.

"மார்கழி வியாபாரம் மட்டும் பாத்துட்டு, தை பொறந்ததும் கடைய வித்துடறேன் மாமா. இந்த நெஞ்சு இதுக்கு மேல தாங்காது" என்றாள். அதுவரை அவள் தன் நெஞ்சைப் பற்றி விளையாட்டில்லாமல் பேசியதே இல்லை.

மறுநாள் அவன் தனியாகப் போனான். சக்கரபாணி பணத்தை எண்ணி, ரசீது எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"நல்ல காரியம் பண்ண ராஜாங்கம். கடைசி மாசங்கள்ல கழிச்சிடறேன். சீக்கிரமே முடிஞ்சிடும்."

"மாசத் தவணை எவ்ளோ குறையுங்க மொதலாளி?"

"அது அப்படியேதான்."

"வட்டி குறையும் இல்லீங்களா? நாப்பதாயிரம் அசல்ல குடுத்துட்டேனே."

சக்கரபாணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இது பிளாட்டு வட்டி இல்லியாப்பா? ஒன்றரை லட்சத்துக்கும் நாலு வருஷ வட்டிய மொதல் நாளே போட்டு, அசலோட சேத்து, பங்கு பிரிச்சாச்சி. நீ நாளைக்கே மொத்தமும் கொண்டாந்து கொட்டினாலும் வட்டி அதேதான்."

"திருப்பிக் குடுத்த காசுக்குமா வட்டி கட்டணும்?"

"ஆமா" என்றார் அவர், மணி என்ன என்று கேட்டவனுக்குச் சொல்வதுபோல.

ராஜாங்கம் அங்கேயே நின்றான். மெதுவாக அவனுக்கு விளங்கியது. பேங்க் பையன் சொன்ன பதினாலு, கட்டக் கட்டத் தேயும் பதினாலு. இந்தப் பன்னிரண்டு தேயாதது. முதல் தவணை கட்டிய நாள் தொட்டு, திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறான். மேடு பள்ளமில்லை என்று அவர் சொன்னது இதைத்தான். "அந்த நாப்பதாயிரத்த திருப்பிக் குடுத்துடுங்க" என்ற வார்த்தை வாய்வரை வந்தது. கையில் ரசீது இருந்தது. கேட்காமலே படியிறங்கினான்.

வீட்டு வாசலில் அவள் காத்துக்கொண்டிருந்தாள். "எவ்ளோ குறைச்சாரு?"

அவன் அந்த முகத்தைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அந்த ஒரு நொடியில் அவனுக்குத் தெரிந்தது. தன் கணக்குத் தப்பிவிட்டது என்று அவள் அறிவாள். அவள் கணக்கு அதுவரை தப்பியதே இல்லை. தை மாதம் கடையை விற்கும் பேச்சும் போய்விடும், இன்னும் இரண்டு வருடத்துக்கு அந்தப் புகையில் உட்காருவாள். எப்படியாவது நாமே அந்த ஆயிரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம், அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தான். பிரியத்தில்தான் நினைத்தான், பாவி.

"ஆயிரத்துக்குமேல குறைஞ்சிடுச்சி" என்றான்.

"நான் சொல்லல?" என்று அவள் கையைத் தட்டினாள்.

அந்த ஆயிரம் எங்கிருந்தும் வரவில்லை. கூடுதலாக இரண்டு நடை ஓட்டிப் பார்த்தான். டீசல் விலை ஏறியதில் அது கரைந்தது. ஸ்டாண்டில் கோவிந்தராசுவிடம் சொன்னான். கோவிந்தராசு எதற்கும் அதிகமாக யோசிக்காதவன்.

"இதுக்கா இப்பிடி மூஞ்சிய தொங்க போட்டிருக்க? நாங்கல்லாம் எதுல ஓட்றோம்னு நெனச்ச? பாதி டீசலு, பாதி கிருஷ்ணாயிலு. ரேஷன் சரக்கு நான் வாங்கித் தரேன். மாசம் ஆயிரமா, ஆயிரத்து ஐநூறே நிக்கும்."

"பொகை வருமேடா."

"மொதல்ல ஒன்னும் தெரியாது மச்சான். போகப் போகத்தான்."

கோவிந்தராசு சொன்னது சரி. முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. தவணையும் கட்டினான், வீட்டிலும் குறையாமல் கொடுத்தான். வண்டியில் கிருஷ்ணாயில் கேன் எதற்கு என்று சந்திரகலா கேட்டபோது பாகங்களைக் கழுவ என்றான். புரட்டாசி முடிவதற்குள் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் கெட்டது. பிறகு கறுப்பாக வர ஆரம்பித்தது. மெக்கானிக் பார்த்துவிட்டு, இதை மாற்ற ஆகும் செலவுக்கு ஆறு மாதம் சுத்த டீசலே ஊற்றியிருக்கலாம் என்று சொல்லிச் சிரித்தான். புகைச் சான்றிதழ் கொடுக்கும் இடத்தில் வண்டியைப் பார்க்காமலே சீட்டு ஒட்டிக் கொடுத்தார்கள், அதில் சிக்கல் ஒன்றுமில்லை.

அவளிடமிருந்து மறைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. விடிகாலையில் வண்டியைச் சந்துக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய்க் கிளப்பினான். சந்தில் தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவு என்றான். தவளக்குப்பத்தில் கடைக்கு நேரே நிறுத்துவதை விட்டுவிட்டு முனைக்கு அந்தப்புறம், தூரத்தில் நிறுத்தினான். கூட்டம் அங்கேதான் ஏறுகிறது என்றான். கடையிலிருந்து சந்திரகலா பார்த்தால் அவனுடைய புகையும் மற்ற புகையோடு கலந்துவிட்டது. முனையிலிருந்த டெம்போக்காரர்களுக்கெல்லாம் தெரியும். அவள் "எங்க வண்டி பொகையே உடாது" என்று கூவும்போது தலையைத் திருப்பிக்கொள்வார்கள். ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை.

அவன் கடைப்பக்கம் வராததை அவள் வேறுவிதமாக எடுத்துக்கொண்டாள். கூடுதல் நடை ஓட்டிக் களைத்துப்போகிறான், ஒரு டீ குடிக்கக்கூட வர முடியவில்லை என்று நினைத்தாள். ஒருநாள் டம்ளரில் டீயை ஊற்றி, இன்னொரு டம்ளரால் மூடி, ரோட்டைத் தாண்டி அவனிடம் எடுத்துக்கொண்டு வந்தாள். பின்பக்கமாகத்தான் வந்தாள். அவன் கண்ணாடியில் பார்த்தபோது அவள் புகைக்குள் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவசரமாக இன்ஜினை அணைத்தான்.

"எதுக்குடி இங்க வர? வராதன்னு சொல்றேன் இல்ல!"

அதட்டலில் அவள் திகைத்துப்போனாள். பிறகு சிரித்தாள். "டீ கொண்டாந்தவள அடிச்சி வெரட்ற மொத புருஷன் நீதான்" என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாளும் கொண்டுவந்தாள். தினமும் கொண்டுவந்தாள். அவனால் வராதே என்றுதான் சொல்ல முடிந்தது, ஏன் வரக்கூடாது என்று சொல்ல முடியவில்லை.

மார்கழியில் பனி இறங்கினால் புகை மேலே போகாது, இடுப்புயரத்துக்கு அப்படியே தங்கிவிடும். ஐயப்பன் கோவிலுக்குப் போகிறவர்களும் கோலம் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்களுமாக வியாபாரம் நன்றாக இருந்தது. தைக்கு இன்னும் ஒரு வாரம்தான் என்று அவள் இரண்டு மடங்கு மாவு அரைத்தாள். ஒருநாள் விடிந்தும் விடியாமல் இருந்தபோது, அவன் முதல் நடை வந்து திரும்புகையில் கடைப்பக்கம் கூட்டமாக இருந்தது. கோவிந்தராசு ஓடிவந்தான். "அண்ணிக்கு மூச்சு வரல மச்சான்" என்றான்.

அந்நேரத்தில் முனையில் வேறு வண்டி இல்லை. கோவிந்தராசின் வண்டி டயர் இறங்கிக் கிடந்தது. தன்னுடைய வண்டியிலேயே அவளை ஏற்றினான். கோவிந்தராசு பின்னால் அவளைத் தாங்கிப் பிடித்து உட்கார்ந்துகொண்டான். அரியாங்குப்பம் பாலம் தாண்டி, மரப்பாலம் தாண்டி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினான். முதலியார்பேட்டை தாண்டியதும் ரயில்வே கேட் மூடியிருந்தது.

முன்னால் லாரி, பக்கத்தில் பஸ், பின்னால் வழி அடைந்துவிட்டது. அவன் இன்ஜினை அணைக்கவில்லை. கிருஷ்ணாயில் குடித்துக் குடித்துக் கெட்டுப்போன இன்ஜின், பனியில் அணைத்தால் மறுபடி பிடிக்குமோ பிடிக்காதோ என்று பயந்தான். அது அங்கேயே நின்று கக்கியது. காற்றில்லை. புகை பின்பக்கமாக வண்டிக்குள்ளேயே ஏறியது.

பின்னாலிருந்து சந்திரகலாவின் குரல் துண்டு துண்டாக வந்தது. "கண்ணு எரியுது மாமா... யாரு வண்டி இது... பாவி எதையோ கலந்து ஓட்றான்..."

ராஜாங்கம் கண்ணாடியில் பார்த்தான். கோவிந்தராசின் கண்கள் அவனைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்தன.

"முன்னாடி நிக்கற லாரிதான் அண்ணி" என்றான் கோவிந்தராசு.

"நல்லா இருக்கமாட்டான்" என்றாள் அவள்.

ரயில் போவதற்கு அவ்வளவு நேரமாகும் என்று ராஜாங்கத்துக்கு அதுவரை தெரியாது. இறங்கிப்போய் அந்த கேட்டைக் கையால் உடைக்கலாமா என்று நினைத்தான். வாயில் முந்தானையை வைத்து அவள் இழுத்த ஒவ்வொரு மூச்சும் அவன் முதுகில் கேட்டது.

ஆஸ்பத்திரியில் மூக்கில் மாஸ்க் வைத்துப் படுக்கவைத்தார்கள். மறுநாள் கொஞ்சம் தெளிந்தாள். வில்லியனூரில் கட்டிக் கொடுத்திருந்த மகள் பாரதி வந்து தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பாரதி காபி வாங்கப் போன நேரத்தில் சந்திரகலா மாஸ்க்கை விலக்கினாள்.

"தவணை கட்டியாச்சா மாமா?"

"கட்டிட்டேன்."

"குறைச்சதுதானே வாங்கினாரு? ஏமாத்திடப் போறாரு."

"குறைச்சதுதான்."

"பாத்தியா. அன்னிக்கு பேங்க்கார பையன் பேச்ச கேட்டிருந்தா பதினாலு. மாட்டியிருப்போம்." அவள் இரண்டு விரலைக் காட்டினாள். "ரெண்டு வட்டி மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கேன். எனக்கு ஒரு கம்மல் எடுத்துக் குடு."

வட்டியையும் சொல்லி, கேனையும் சொல்லி, அந்தப் புகை நம்முடையதுதான் என்றும் சொல்லி, அவள் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. ஆனால் அவள் முகத்தில் அவ்வளவு திருப்தி இருந்தது.

"நீ போட்ட கணக்கு என்னிக்கு தப்பாச்சி" என்றான்.

அவள் சிரித்து, மாஸ்க்கை மறுபடி இழுத்து வைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் மறுபடி மூச்சு இழுத்தது. டாக்டர்கள் கைவிடாமல் பார்த்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சந்திரகலா போய்விட்டாள்.

டெம்போக்காரர்கள் எல்லோரும் அன்று வண்டியை நிறுத்திவிட்டு வந்தார்கள். சக்கரபாணி மாலையோடு வந்தார். கண் கலங்கித்தான் நின்றார். போகும்போது ராஜாங்கத்தின் தோளில் கைவைத்து, "இந்த மாசம் லேட்டானா அபராதம் போட மாட்டேன்" என்றார். அவர் அளவுக்கு அது பெரிய இரக்கம்தான்.

பதினாறாம் நாள் முடிந்ததும் ராஜாங்கம் வண்டியைக் கொண்டுபோய் அவரிடமே விட்டுவிடலாம் என்று பார்த்தான். விடலாம், ஏலத்தில் போனது போக மீதியை ஜாமீன் போட்டவன் கட்ட வேண்டும் என்றார். கோவிந்தராசுக்கு மூன்று குழந்தைகள். ஆகவே மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தான். இனி ஒரு சொட்டுக் கிருஷ்ணாயில் ஊற்றுவதில்லை என்று அவள் படத்துக்கு முன்னால் நின்று சொன்னான். இருந்த கொஞ்சத்தைத் துடைத்துக் கொடுத்து நாசில் மாற்றினான். அந்த மாதம் சுத்த டீசலில் ஓடினான். அடுத்த மாதமும் ஓடினான், தவணை கட்ட முடியவில்லை. கடை வருமானமும் இப்போது இல்லை. அடுத்த தவணையும் நின்றால் கோவிந்தராசு வீட்டுக்கு ஆள் போகும் என்று சக்கரபாணி சொல்லியனுப்பினார். பங்குனியில் ஒருநாள் அவன் கோவிந்தராசுவிடம் போய்க் காலி கேனை நீட்டினான். கோவிந்தராசு அதை வாங்கிக்கொண்டான்.

தவளக்குப்பம் முனையில் சந்திரகலா உட்கார்ந்த இடம் வெகுநாள் காலியாக இருக்கவில்லை. சித்திரையில் ஒரு பெண் புதிதாகத் தள்ளுவண்டி போட்டாள். ஆயம்மா என்று பெயர். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அதே இடம், டெம்போக்களின் பின்புறத்துக்கு நேராக. ராஜாங்கம் இறங்கிப் போனான்.

"அந்தப் பக்கமா போட்டுக்கம்மா கடைய. இங்க வண்டிங்க நின்னு பொகையா அடிக்கும். ஒடம்புக்கு ஆவாது."

"வண்டி நிக்கற எடத்துலதானேண்ணா ஆளு வரும்" என்றாள் ஆயம்மா. "குழுவுல லோன் வாங்கி போட்டிருக்கேன். வாராவாரம் கட்டணும். அந்தப் பக்கம் போனா எப்பிடி கட்றது?"

வண்டியில் ஆள் நிறைந்துவிட்டது. பின்சீட்டிலிருந்து நேரமாகிறது என்று யாரோ கத்தினார்கள். அவன் போய் உட்கார்ந்தான். சாவியில் கைவைத்தவன், மறுபடி தலையை வெளியே நீட்டினான்.

"வண்டி எடுக்கறேன். மூஞ்சிய மூடிக்கம்மா" என்றான்.

அவள் முந்தானையை இழுத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டாள். அவன் கிளப்பினான்.